லிக்விட் கூலர் இருந்தும் ப்ராசசர் 100 டிகிரியைத் தொடுவதற்கு நம் ஊர் வெயில்தான் காரணமா?

தேவகோட்டையில் பழைய வீடொன்றில் இருப்பதாகவும், மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினியில் 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் (ப்ராசசரைத் திரவத்தால் குளிர்விக்கும் கருவி) இருந்தும் ரெண்டர் (தொகுத்ததைக் கணினி இறுதிப் படமாக ஆக்கும் வேலை) தொடங்கியவுடனே ப்ராசசர் 100 டிகிரிக்குப் போய்விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் “நம்ம ஊர் வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், ரூமுக்கு ஏசி போடுங்க” என்று சொல்லிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை ஏசி மாட்ட ஆள் வருகிறார் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த ஆளை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லுங்கள். அதே சொல்லை அப்படியே நம்பி ஏசி போட்டவள் நான். அதனால் எங்கள் வீட்டுச் சுவருக்கு நேர்ந்ததை இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

நான் கணினிப் பொறியாளர் அல்லள். பள்ளத்தூரில் எங்கள் ஐயா கட்டிய வீட்டின் வளவையொட்டிய அறையில் உட்கார்ந்து, கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஆகவே இதில் தொழில்நுட்பச் சொல் ஏதேனும் தவறாக இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் திருத்தலாம். ஆனால் நடந்தது நடந்தபடியே இருக்கிறது, அளந்த எண்களை அன்றன்றே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

என் கணினியில் இருப்பது இன்டெல் ஐ7 12700கே. முழு வேகத்தில் 190 வாட் வரை மின்சாரம் எடுக்கலாம் என்று இன்டெல் வரையறுத்திருக்கும் ப்ராசசர் அது. 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. 2024 சித்திரையில், கையில் நான்கு கல்யாண வேலைகள் நின்றபோது, 40 நிமிடத்தில் முடிகிற ரெண்டர் ஒன்றேகால் மணி நேரம் எடுக்கத் தொடங்கியது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசும் பேஸ்ட்டை மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். மறுபடி போனேன், மறுபடி பேஸ்ட். மூன்றாம் முறை, வெயில்தான் காரணம் என்றார்கள்.

அப்போதே நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீரால் குளிர்விக்கும் எந்தக் கருவியும் அறையின் வெப்பத்துக்குக் கீழே ப்ராசசரைக் கொண்டுபோக முடியாது என்பது உண்மைதான்; அறை ஒரு டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும் என்பதும் உண்மைதான். ஆகவே வெயிலுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தையில் 27 டிகிரியாக இருந்த என் அறை சித்திரையில் 33 ஆனது, அவ்வளவுதான். வெளியே 39 அடித்த நாளிலும் அறைக்குள் 33ஐத் தாண்டவில்லை. நம் வீடுகளின் சுவரும் முற்றமும் அதற்காகவே அமைந்தவை. ஆறு டிகிரி கூடிய அறை, 75 டிகிரியில் ஓடிய ப்ராசசரை 81க்குக் கொண்டுபோகலாம், 100க்குக் கொண்டுபோகாது. இந்தச் சின்னக் கழித்தல் கணக்கை அந்தக் கடையில் யாரும் போடவில்லை, நானும் போடவில்லை.

ஏசிக்குக் குழாய் கொண்டுபோக மூன்று அங்குலத் துளை வேண்டும் என்றார்கள். துளையிட வந்தவர் இயந்திரத்தைச் சுவரில் வைத்தபோது அப்பத்தா எழுந்து வந்து, “ஏத்தா, வெயிலு உள்ள வரக் கூடாதுன்னுதான இம்புட்டுக் கனமாச் சுவரெடுத்தாக, அதுல போயி ஓட்டை போடச் சொல்றியே” என்றார். வேலை நிற்கிறது அப்பத்தா என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது. கையை வைத்தால் பளிங்குபோல வழுக்கும். துளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு அது ஓடு ஓடாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. அந்தப் பூச்சைத் தெரிந்து செய்கிற கொத்தனார் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. சிமெண்டு வைத்து அடைத்த இடம் ஒரு தழும்பைப் போல இன்றும் தனியாகத் தெரிகிறது. பாரம்பரியம் பாரம்பரியம் என்று ஊரெல்லாம் பேசுகிறோம். ஒரு சுவரில் துளையிடச் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க யாருக்கும் நேரமில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஏசி போட்டு அறையை 27 டிகிரிக்குக் கொண்டுவந்து ரெண்டரைத் தொடங்கினேன். ஐந்தே விநாடியில் 100.

அந்த ஐந்து விநாடி என்பதில்தான் விடை இருந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். எத்தனை டிகிரி என்பதை மட்டும் பார்க்காமல், எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் பாருங்கள். வெப்ப அளவைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, ப்ராசசரை முழு வேகத்தில் சோதிக்கும் சினிபெஞ்ச் என்ற மென்பொருளை ஓட்டினால் இது தெரிந்துவிடும். ப்ராசசர்மேல் உட்காரும் தட்டு அதன் வெப்பத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும்; பெரும்பாலும் அந்தத் தட்டின்மேலேயே இருக்கும் பம்ப் திரவத்தைக் குழாய் வழியாக ரேடியேட்டருக்குத் தள்ளும்; அங்கே ஃபேன் அதை ஆற்றும். கூலருக்குள் ஓடும் அந்தத் திரவம் சூடேறி ஒரு நிலைக்கு வர பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆகும். வெப்பம் அந்தப் பத்து நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறி உச்சிக்குப் போனால், ப்ராசசரின் வெப்பம் திரவத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது, வெளியேறத்தான் வழியில்லை என்று பொருள். அப்போது ரேடியேட்டரில் அடைந்த தூசி, ஃபேன், கேபினெட்டின் காற்றோட்டம், அறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாறாக, தொடங்கிய சில விநாடிகளிலேயே 100ஐத் தொட்டால் வெப்பம் திரவத்துக்குள்ளேயே போகவில்லை. அங்கே அறைக்கு வேலையே இல்லை. பேஸ்ட், கூலர் உட்காரும் அழுத்தம், பம்ப், மதர்போர்டு விட்டிருக்கும் மின் அளவு, இவை நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்.

மின் அளவை முதலில் பாருங்கள், செலவில்லாத வேலை. பல மதர்போர்டுகளின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில்) உச்ச மின் அளவு 4095 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாமல், வைக்கப்பட்டிருக்கும். என்னுடையதிலும் அப்படித்தான் இருந்தது. 190 என்று மாற்றியும் எனக்குப் பயன் இல்லை. ஐந்து விநாடி எட்டு விநாடியானது. பேஸ்ட் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. உங்கள் கூலர் பழைய கணினியிலிருந்து கழற்றி மாட்டியதாக இருந்தால், எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு (என்னுடையதுபோன்ற இன்டெல் ப்ராசசர் அமரும் இடத்துக்கு) உரிய தாங்கிகளைக் கொண்டு மாட்டியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். பழைய தாங்கியை வைத்துத் திருகினால் தட்டு ப்ராசசர்மேல் சரியாக அழுந்தாது.

மிச்சம் இருந்தது பம்ப். அதை நான் சந்தேகப்படாததற்குக் காரணம், மென்பொருள் அதன் வேகத்தை நிமிடத்துக்கு 2,700 சுற்று என்று ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்ததுதான். சுற்றுகிறது என்றால் தண்ணீர் ஓடுகிறது என்று நினைத்துவிட்டேன்.

ஒரு நாள் இரவு, கணினி சும்மா ஓடிக்கொண்டிருந்தபோது, மேசைக்கடியில் ஆத்தங்குடிக் கல்லின்மேல் படிந்திருந்த செம்மண் தூசியைத் துடைப்பதற்காகக் கேபினெட்டைப் பின்பக்கமாகச் சாய்த்தேன். உள்ளே களக் களக் என்று, பாதி நிறைந்த குடத்தைத் தூக்கும்போது வருகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து திரையைப் பார்த்தால், சும்மா இருக்கும்போதே 68ஆக இருந்த எண் கண்ணெதிரே இறங்கி 44இல் நின்றது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு நாளில் சத்தமும் வெப்பமும் திரும்பி வந்தன. அப்போது பக்கப் பலகையைக் கழற்றி ரெண்டரை ஓட்டி இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று விரலை வைக்க முடியாத சூடு. மற்றொன்று கிணற்றடிக் குழாய்போலச் சில்லென்று இருந்தது.

நல்ல நிலையில் இருக்கும் கூலரில் இப்படி இருக்கவே முடியாது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 200 வாட் வெப்பம் அதைச் சுமார் 3 டிகிரிதான் சூடேற்றும். ஆகவே போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரிவதே கடினம். ஒன்று கொதித்து மற்றொன்று சில்லென்றிருந்தால் ஓட்டம் மிகவும் குறைந்துவிட்டது என்று பொருள். இரண்டுமே சில்லென்றிருந்து ப்ராசசர் மட்டும் கொதித்தால் பம்ப் நின்றேவிட்டது, அல்லது தட்டு ப்ராசசர்மேல் ஒட்டவில்லை.

காரணம் இதுதான். மூடிய கூலரின் ரப்பர் குழாய் வழியாக ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகத் திரவம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். காற்று எப்போதும் மேலான இடத்தைத் தேடிப் போகும். என் கணினியை முதலில் பூட்டியவர், மேலே மாட்டினால் மதர்போர்டின் மின்கம்பியைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்பதற்காக, ரேடியேட்டரைக் கேபினெட் முகப்பின் கீழ்ப்பாதியில் வைத்துவிட்டார். அதனால் பம்ப்தான் எல்லாவற்றையும்விட உயரமான இடமாகிப்போனது. திரவம் நிறைந்திருந்த வரை இரண்டு ஆண்டுகள் தாங்கியது, பிறகு சேர்ந்த காற்றெல்லாம் பம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பம்ப் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. கேபினெட்டைச் சாய்த்தபோது ரேடியேட்டர் மேலே வந்து, காற்று அங்கே போய்விட்டதால்தான் வெப்பம் இறங்கியது.

தம்பியை வரச் சொல்லி, ரேடியேட்டரைக் கழற்றிக் கேபினெட்டின் மேல்பக்கத்தில் மாட்டினோம். மூன்று மணி நேர வேலை; புதுப் பேஸ்ட்டைத் தவிர ஒரு ரூபாய் செலவில்லை. அறை 33 டிகிரியில், ஏசி இல்லாமல், 190 வாட்டில் அரை மணி நேரம் ஓட்டியபோது 89 டிகிரி. கோடையில் மட்டும் பயாஸில் 160 வாட் என்று வைத்துக்கொள்கிறேன், அப்போது 82. ரெண்டர் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக எடுக்கிறது, அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

இதற்குத்தான் ப்ராசசர்மேல் ஃபேன் வைத்த ஏர் கூலரே போதும் என்கிறோம் என்று சிலர் எழுதுவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதில் பம்பும் இல்லை, வற்றிப்போகத் திரவமும் இல்லை. ஆனால் கேட்டவரிடம் இருப்பது லிக்விட் கூலர், அதற்குத்தான் பதில் வேண்டும். வேறு சிலர், மூடியைத் திறந்து ஆர்ஓ தண்ணீரை ஊற்றிவிடலாம் என்று உங்களிடம் சொல்லக்கூடும். வேண்டாம். பெரும்பாலான மூடிய கூலர்களில் தட்டு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டு உலோகங்கள் ஒரே நீரில் நனைந்தால் அலுமினியம் அரிக்கும். அதைத் தடுக்கும் சேர்மானங்களோடுதான் தொழிற்சாலையில் திரவத்தை நிரப்புகிறார்கள். 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்டு இன்றுவரை உலோக அரிமானத்தை ஆராய்ந்துவரும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிற மண்ணில், இதை நாமே மறந்துவிடக் கூடாது. உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் அதுவும் மூடியைத் திறந்த அன்றே போய்விடும்.

இன்றிரவே பக்கப் பலகையைக் கழற்றுங்கள். ஃபேன் இறக்கையில் விரல் படாமல் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். பம்ப் இருக்கும் மட்டத்தைவிட ரேடியேட்டரின் மேல்விளிம்பு உயரமா தாழ்வா என்று பாருங்கள். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஓடும்போது சாய்க்காதீர்கள். அணைத்துவிட்டு, முன்முகம் மேலே பார்க்கும்படி பத்து நிமிடம் சாய்த்து வைத்து, நிமிர்த்தி ஓட்டிப் பாருங்கள். எத்தனை விநாடியில் 100ஐத் தொடுகிறது, எந்தக் குழாய் சுடுகிறது என்ற இரண்டை மட்டும் கீழே எழுதுங்கள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். அதுவரை சுவரில் கை வைக்க விடாதீர்கள்.