ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் அரண்மனையை ஏன் இடித்தார்கள்? இப்போது அங்கே பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

சுருக்கமாகச் சொன்னால் நிலக்கரியும் கடனும்தான் காரணம்.

கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே, ஹாமில்டன் ஊரை ஒட்டி இருந்தது இந்த மாளிகை. ஹாமில்டன் பிரபு குடும்பத்தின் 10ஆம் டியூக் அலெக்சாண்டர் 1820களில் பிரம்மாண்டமான வடக்கு முகப்பைக் கட்டினார். ஆள் ஆடம்பரப் பிரியர். நெப்போலியனின் ஓவியத்தைப் பிரெஞ்சு ஓவியர் டாவிடிடம் சொல்லி வரைய வைத்தவர். அவர் சேர்த்த கலைப்பொருட்களை வாரிசுகளால் கட்டிக்காக்க முடியவில்லை. 1882இல் அவற்றை விற்க நடந்த ஏலம் 17 நாள் நீடித்து, கிட்டத்தட்ட 4 லட்சம் பவுண்டு ஈட்டியது. அதோடு மாளிகையின் உயிரே போய்விட்டது என்பேன்.

குடும்பத்துக்கு வருமானம் தந்த நிலக்கரிச் சுரங்கங்களே மாளிகையின் அடித்தளத்துக்கும் ஆபத்தாக வந்து நின்றன. முதல் உலகப் போரில் கடற்படை மருத்துவமனையாக இருந்த கட்டடத்தை 1920களில் இடித்தார்கள்.

மாளிகை நின்ற இடத்தில் இன்று ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே டியூக்கின் கல்லறை மண்டபம் இருக்கிறது. அதன் கனத்த கதவை அறைந்து சாத்தினால் எதிரொலி அடங்கப் பதினைந்து நொடி ஆகும். வழிபாட்டுக்கும் சேர்த்துத்தான் கட்டினார்கள். இந்த எதிரொலியில் பிரசங்கம் யார் காதில் விழும்? டியூக்கை எகிப்தியக் கல்பெட்டியில், பதப்படுத்திய உடலாகவே அங்கே வைத்திருந்தார்கள். 1921இல் அவரையும் ஊர்க் கல்லறைக்கு மாற்றிவிட்டார்கள்.

நேரம் இருந்தால் ஷாட்டெல்ஹெரோவையும் பாருங்கள். வில்லியம் ஆடம் வடிவமைத்த 18ஆம் நூற்றாண்டு வேட்டை மாளிகை அது. பழுதுபார்த்து 1987இல் திறந்தார்கள். டாவிட் வரைந்த அந்த நெப்போலியன் ஓவியத்துக்கு மட்டும் வாஷிங்டன் போக வேண்டும்.