நிர்வாணாவின் ‘இன்செஸ்டிசைட்’: நீலத் தட்டுக்கு அவ்வளவு விலை தரலாமா?

கேள்வி: அமெரிக்க ராக் இசைக்குழு நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’, ‘ப்ளீச்’ ஆல்பங்கள் இரண்டும் சிடியாக வைத்திருக்கிறேன். அடுத்து, அவர்களுடைய ஆரம்பகாலப் பாட்டுகளின் தொகுப்பான ‘இன்செஸ்டிசைட்’ வாங்க ஆசை. இணையத்தில் ஒரு விற்பனையாளர், 1992இல் வந்த நீல நிற வினைல் (இசைத்தட்டு) என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார். ஒரிஜினல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் இருக்கும் பாட்டுகளே திரும்ப வருமா?

பதில்: ஆல்பத்தைத் தயங்காமல் வாங்குங்கள். நீலத் தட்டாகத்தான் வாங்க வேண்டுமா என்பது வேறு விஷயம்.

1992 தொடக்கத்தில் ‘நெவர்மைண்ட்’ அமெரிக்க ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்ததும், ரசிகர்கள் பழைய சிங்கிள்களையும் (ஓரிரு பாட்டு மட்டும் கொண்ட தட்டுகள்) திருட்டுப் பதிவுகளையும் தேடி அலைய ஆரம்பித்தார்கள். சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி அந்த டிசம்பரில் வந்ததுதான் இந்தத் தொகுப்பு. மொத்தம் 15 பாட்டு. 1988 ஜனவரி முதல் 1991 நவம்பர் வரை பல இடங்களில் பதிவானவை. டிரம்ஸ் வாசித்தவர்களே நான்கு பேர். அதனால் ஒலி ஒரே சீராக இருக்காது. முதல் பாட்டு ‘டைவ்’, 1990இல் அமெரிக்காவின் மாடிசன் நகரில் தயாரிப்பாளர் புட்ச் விக் பதிவு செய்தது. பேஸ் கிட்டார் தனியாகத் தொடங்கி, மற்ற வாத்தியங்கள் வந்து சேரும்போது அறையே நிறைந்துவிடும். ‘பீஸ்வாக்ஸ்’, ‘ஹேர்ஸ்ப்ரே குயின்’ முதலிய ஐந்து பாட்டுகளோ சியாட்டிலில் ஒலிப்பதிவாளர் ஜாக் எண்டினோ ஒரே நாளில் பதிவு செய்த டெமோவிலிருந்து (மாதிரிப் பதிவு) வந்தவை. அந்த நாளுக்கான கட்டணம் 152 டாலர் சொச்சம். எவ்வளவு விலை உயர்ந்த தட்டில் கேட்டாலும் அந்தக் கரடுமுரடு அப்படியேதான் இருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது.

திரும்ப வருவது அதிகமில்லை. ‘டவுனர்’ உங்கள் ‘ப்ளீச்’ சிடியிலும் இருக்கலாம். 1992 மறுபதிப்பில் சேர்த்தார்கள். ‘நெவர்மைண்ட்’டில் உள்ள ‘பாலி’ இங்கே வேகமான வேறு வடிவம், பிபிசி வானொலிக்காக வாசித்தது. ‘அனியூரிசம்’, ‘பீன் எ சன்’ இரண்டும் அதே வானொலிப் பதிவுதான். ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ சிங்கிளின் பின்பக்கத்தில் வந்த ‘அனியூரிசம்’தான் வேண்டும் என்றால் இதில் கிடைக்காது.

சரி, நீலத் தட்டு. அமெரிக்காவில் முதலில் நீல வினைல் வந்தது உண்மை. ஆனால் நிர்வாணா பெயரில் போலி வண்ணத் தட்டுகளும் சந்தையில் உண்டு. நிறத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். லேபிள், உறையின் முதுகு, பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றி இருக்கும் வெற்று வளையம் ஆகியவற்றை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்கப் பதிப்பின் எண்ணில் 24504 இருக்க வேண்டும். வளையத்தில் செதுக்கிய குறியீட்டைப் பழைய தட்டுகளின் இணையப் பட்டியல்களோடு ஒப்பிடுங்கள். உறை ஓவியம் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் வரைந்தது, எலும்பு உடம்போடு ஓர் உருவம்; அதன் கோடுகள் மங்கி, சின்ன எழுத்துகள் கலங்கியிருந்தால் ஒரிஜினல் உறையை ஸ்கேன் செய்து அச்சிட்டதாக இருக்கும். படம் அனுப்ப மறுப்பவரை விட்டுவிடுங்கள்.

பாட்டு கேட்கத்தான் என்றால் என் சிபாரிசு, 1992ஆம் ஆண்டின் பழைய சிடி. வினைலோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. உள்ளே கோபேன் எழுதிய நீண்ட குறிப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நிறவெறியர்களும் பெண்களை வெறுப்பவர்களும் எங்கள் நிகழ்ச்சிக்கு வரவேண்டாம், எங்கள் தட்டை வாங்கவும் வேண்டாம் என்று அதில்தான் எழுதினார். வினைல்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் கறுப்பு மறுபதிப்பே போதும். 2012இல் நிமிடத்துக்கு 45 சுழற்சி வேகத்தில் இரண்டு தட்டுகளாகவும் ஒன்று வந்தது. ஊசி ஓடும் பள்ளங்களுக்கு இடம் தாராளம், ஆனால் அடிக்கடி எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருக்கும்.

நீலத் தட்டுதான் என்று முடிவெடுத்தால், அஞ்சல் செலவையும் சுங்க வரியையும் சேர்த்து மொத்த விலையைக் கணக்குப் போடுங்கள். போலி என்று தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வழியில் மட்டும் செலுத்துங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள்.