பாகு ஒளியை இடப்பக்கம் திருப்புவது ஏன்?

சர்க்கரை மூலக்கூறு கண்ணாடிப் பிம்பமாக மாறவில்லை, இரண்டாக உடைந்திருக்கிறது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை (முனைவாக்கிய ஒளி) வலப்பக்கம் திருப்பிய சர்க்கரைப் பாகு, எலுமிச்சை பிழிந்து காய்ச்சியதும் இடப்பக்கம் திருப்புகிறது, சமச்சீர் முறிவே (மூலக்கூறின் இடவல வேறுபாடே) தலைகீழானதா என்று கேட்டிருந்தீர்கள்.

காரணம் பெரும்பாலும் அந்த எலுமிச்சைதான். அமிலமும் சூடும் சேர்ந்தால் சர்க்கரையான சுக்ரோஸ் (ஒளியைத் திருப்பும் அளவு +66.5 பாகை; + வலம், − இடம்) குளுக்கோஸாகவும் (+52.7) ஃப்ரக்டோஸாகவும் (சுமார் −92) பிரியும். ஃப்ரக்டோஸின் கை ஓங்குவதால் கலவை ஏறத்தாழ −20-க்கு வந்துவிடும். கரும்பு கட்டிக்கொடுத்த இடவல அமைப்பு அப்படியே இருக்கிறது. ஒரு மூலக்கூறும் அதன் கண்ணாடிப் பிம்பமும் சரிபாதியாகக் கலந்திருந்தால் சுழற்சியே இருக்காது. 1848-ல் லூயி பாஸ்டர் அப்படிச் சுழற்சியில்லாத டார்டாரிக் உப்பின் படிகங்களை இடம், வலம் என்று கையாலேயே பிரித்தெடுத்தார். எனக்கு இன்றும் சிலிர்க்கும் சோதனை அது.

உண்மையிலேயே இடப்பக்கம்தானா என்று உறுதிசெய்ய ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடித் தம்ளரில் பாகின் உயரத்தைப் பாதியாக்குங்கள். +120 பாகையும் −60 பாகையும் 180 பாகை தள்ளியிருப்பதால் பார்வைக்கு ஒன்றுதான். பாதியில் ஒன்று +60 ஆகும், மற்றது −30. சிவப்பு ஒளியை மட்டும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் நிறத்துக்கு நிறம் கோணம் மாறும்.

அப்புறம், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக் கடையில் சர்க்கரை என்று கேட்டால் வெல்லத்தைக் கொடுத்துவிடுவார்கள், மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு வெல்லம் என்றுதான் பொருள். அதில் ஏற்கெனவே கொஞ்சம் சுக்ரோஸ் உடைந்திருக்கும், முதல் அளவே குறையும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பஞ்சசார என்று கேட்டு வாங்குங்கள்.