ஜெர்மனியில் படிக்கும் இந்திய மாணவர் பாரிஸ், ரோம் சுற்றிப்பார்க்கத் தனி விசா வேண்டுமா?

வேண்டாம். ஜெர்மனி தந்த வசிப்பிட அனுமதி அட்டையும் பாஸ்போர்ட்டும் செல்லுபடியில் இருந்தால் போதும். இரண்டையும் கையோடு வைத்திருங்கள். எல்லையில் திடீர்ச் சோதனை நடப்பதுண்டு.

தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்தான் ஷெங்கன் நாடுகள். அந்த 29 நாடுகளில் ஒன்று தரும் இந்த அனுமதியை மற்றவையும் ஏற்பதால்தான் இந்த வசதி. ஆனால் வரம்பு உண்டு: எந்த 180 நாளை எடுத்தாலும், மற்ற ஷெங்கன் நாடுகளில் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம். கணக்கு நகரும் படிக்கட்டு மாதிரி: தினமும் புது நாள் ஒன்று ஏற, 180 நாளைத் தாண்டிய பழைய நாள் ஒன்று இறங்கிவிடும். நுழையும் நாள், கிளம்பும் நாள் இரண்டுமே சேரும் (பலர் கோட்டைவிடுவது இங்கேதான்). ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் சேராது.

ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஷெங்கன் என்று நினைத்து டப்ளினுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்: ஒன்றியத்தில் இருந்தாலும் அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா வேண்டும், ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தோ ஷெங்கனில் இருக்கிறது.