கமீனோ நடக்க அலமாரிச் சப்பாத்து போதுமா?

கேள்வி: மே மாதம் நானும் என் மனைவியும் ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு ‘கமீனோ’ எனும் திருப்பயணம் போகிறோம். பிரான்ஸ் எல்லையிலுள்ள சான்-ழான்-பியே-தெ-போரிலிருந்து முழுப் பாதையும் நடக்கத் திட்டம். நாலு வருஷத்துக்கு முன் மலிவு விற்பனையில் 400 வெள்ளிக்கு வாங்கிய மலையேறும் சப்பாத்து, போடாமல் அலமாரியில் இருக்கிறது. அதையே எடுத்துப் போகலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: முதலில் சப்பாத்தைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். தரையில் படும் ரப்பருக்கும் மேல்தோலுக்கும் நடுவே மெத்தென்று ஓர் அடுக்கு இருக்கும். மலையேறும் சப்பாத்துகள் பலவற்றில் அது பாலியூரித்தேன். நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் வருஷக்கணக்கில் அதற்குள் இறங்கி, வேதிப் பிணைப்புகளை அறுத்துவிடும். போடாத பொருள் கெடாது என்று நினைக்கிறோம். இது அலமாரியிலேயே கிழடாகிவிடும். மேலே பளபளப்பு குறையாது, ஆனால் நடக்கத் தொடங்கிய சில மணி நேரத்தில் அடி கழன்று தொங்கும்.

அந்த அடுக்கை நகத்தால் அழுத்துங்கள். மயிரிழை வெடிப்பு, பிசுபிசுப்பு, மாவாக உதிர்தல் – எது தெரிந்தாலும் வேண்டாம். ஒன்றும் தெரியாவிட்டால் நாக்குப் பகுதியின் உள்லேபிளைப் பாருங்கள். பல நிறுவனங்கள் தயாரித்த மாதத்தையும் வருஷத்தையும் அதில் அச்சிடுகின்றன. மலிவு விற்பனைச் சரக்கு என்றால் நீங்கள் வாங்கும்போதே அதற்கு இரண்டு வயது ஆகியிருக்கலாம். ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காசை வீணாக்காதீர்கள். உளுத்த அடுக்கில் பசை எதைப் பிடித்து நிற்கும்?

புதிது வாங்குவதென்றால் கணுக்கால் உயரம் தேவையில்லை. பத்துமலைக்கு வெறுங்காலில் நடந்த நண்பர்கள் ‘இதென்ன பிரமாதம்’ என்பார்கள். அது ஓர் இரவு நடை. இது சுமார் 780 கி.மீ.; நாளுக்கு 20–25 கி.மீ. வீதம் ஐந்து வாரம், நேற்றைய கொப்புளத்தோடு இன்றும் நடக்க வேண்டும். மண்பாதை, சரளை, தார்ச்சாலை மாறி மாறி வரும். எடை குறைந்த குட்டை டிரெயில் ஷூதான் பலருக்கும் சரிப்படும். கடைக்காரர் நீர்புகாத வகையை நீட்டுவார், விலையும் கூட. அது வெளித் தண்ணீரைத் தடுப்பது உண்மைதான். வியர்வையையும் உள்ளேயே பிடித்துவைக்கும், நனைந்துவிட்டால் மறுநாள் காலைக்குள் காயாது. கடைசிப் பகுதியான கலீசியாவில் மழை அதிகம் என்றாலும், மே மாதத்துக்குச் சாதாரண வகையையே சொல்வேன்.

கடைக்கு மாலையில் போங்கள். அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். நடக்கப்போகும் அதே காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள் (மெரினோ கம்பளி நல்லது, பருத்தி ஈரத்தைத் தேக்கிக் கொப்புளம் வரவைக்கும்). உள்ளட்டையை உருவித் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிஞ்ச வேண்டும். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டினால் நீளம் சரியாக இருந்தும் அகலம் போதாது. பிறகு கயிற்றை இறுக்கிக்கொண்டு படியோ சரிவோ இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம்: முதல் நாளே பிரனீஸ் மலை ஏறி ரொன்செஸ்வாயெசுக்கு இறங்கும் செங்குத்தில் நகம் கறுத்துவிடும். மார்ச் மாதமே வாங்கி, புக்கிட் காசிங்கில் மூட்டையோடு நடந்து பழக்குங்கள்.

கேள்வி: அதே பயணத்துக்கு 60 லிட்டர் பை வேண்டும் என்கிறார் விற்பனையாளர். கமீனோ ‘பாஸ்போர்ட்’டும் இணையத்தில் விற்கிறார்களாமே?
– அதே வாசகர்

பதில்: 35 லிட்டர் போதும். பை பெரிதானால் நிரப்பத்தான் தோன்றும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. இரண்டு மாற்றுடை எடுத்துக்கொண்டு, தங்குமிடமான அல்பெர்கேயில் பிற்பகலிலேயே துவைத்துக் காயப்போட வேண்டியதுதான். காயாத காலுறையை ஊக்குக் குத்திப் பைக்கு வெளியே தொங்கவிட்டு நடப்பார்கள். பெரும்பாலான அல்பெர்கேக்களில் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைப்பார்கள், காலை எட்டுக்குள் கிளம்பச் சொல்வார்கள். அதனால் சிறு தலைவிளக்கும் காதடைப்பானும் உதவும். ஊன்றுகோலை விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோக விடமாட்டார்கள். சரக்குப் பையில் போடுங்கள்.

பாஸ்போர்ட் என்பது ‘கிரெதென்சியால்’ எனும், வழியில் முத்திரை குத்தி வாங்கும் அட்டை. சான்-ழானின் திருப்பயணிகள் அலுவலகத்தில் சில யூரோவுக்கே கிடைக்கும். கடைசிப் பகுதியிலுள்ள சாரியா ஊருக்குப் பிறகு நாளுக்கு இரண்டு முத்திரை வாங்கத் தவறாதீர்கள். முடிவில் தரும் ‘கொம்போஸ்தெலா’ சான்றிதழுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய சப்பாத்து, பயிற்சி நடையிலேயே அடி பிரிந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதிலேயே இருக்கிறது என்கிறது கடை.
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 தரும் உரிமையை அந்த வாசகம் பறிக்க முடியாது. விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நீங்களாகப் பசை போடாதீர்கள். பழுதின் அடையாளம் மறைந்துவிடும். பிரிந்த இடம், தயாரிப்புத் தேதி, ரசீது மூன்றையும் படமெடுத்து, பழுதுநீக்கமோ மாற்றோ பணமோ எழுத்து மூலம் கேளுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் பாரம் 1 நிரப்பித் தாக்கல் செய்யுங்கள். கட்டணம் 5 வெள்ளி, வரம்பு 50,000 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. வாங்கியது வெளிநாட்டு இணைய விற்பனையாளரிடம் என்றால் இந்த வழி கடினம். ஆகவே ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை அழுத்துமுன் லேபிளைப் பார்த்துவிடுவதே நல்லது.