கல்யாண ஆல்பம் இருக்கிறது, விசா கிடைக்குமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு நாமக்கல்லில் கோயிலில் திருமணம் நடந்தது. அங்கேயே பதிவும் செய்தோம். கணவர் இந்தியக் குடிமகன். அவருக்குத் துணைவர் விசா எடுக்க ஆல்பம் போதுமா? தோட்டத்து வீடு என்பதால் மின்கட்டண ரசீதுகூட என் பெயரில் இல்லை.

பதில்: ஆல்பம் கடைசியில் வரட்டும், சகோதரி. முதலில் திருமணச் சான்றிதழை எடுங்கள். அதற்கு இந்திய வெளியுறவு அமைச்சிடமும் சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்திடமும் சான்றொப்பம் பெற்று, இங்கே தேசியப் பதிவுத் துறையில் திருமணத்தைப் பதியுங்கள். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 31ஆவது பிரிவு இதற்கு ஆறு மாத அவகாசம் தருகிறது. தவறவிட்டிருந்தால் தாமதப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். தேதியை மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள். அந்தப் பதிவு கைக்கு வராமல் குடிநுழைவுத் துறையின் முகப்பிடத்தில் போய் நிற்பது வீண் அலைச்சல்.

பெரும்பாலும் சிக்கல் பெயரில்தான் வரும். உங்கள் அடையாள அட்டையில் 'ஏ/பி' (மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கம்) போட்டுத் தந்தை பெயர் முழுதாக இருக்கும். நாமக்கல் சான்றிதழில் அதே தந்தை ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்பார். கணவரின் கடப்பிதழிலோ (பாஸ்போர்ட்) அவருடைய தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிட்டிருக்கும். போதாததற்கு, அந்தக் காலத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிவைத்த 'முனியாண்டி' ஒரு பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் இன்னொன்றில் வேறொன்றிலும் இருப்பார். (உங்கள் தொழிலைக் குறை சொல்லவில்லை!) எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்கீழ் பிரமாணம் எழுதி, பிரமாண ஆணையர் முன் கையொப்பமிட்டு இணையுங்கள்.

முகவரிக்குத் தோட்ட நிர்வாகியின் கடிதம் வாங்குங்கள். வீட்டு எண்ணும், எத்தனை ஆண்டாக வசிக்கிறீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். வருமானத்துக்குச் சம்பளச் சீட்டுகளோடு ஊழியர் சேமநிதி அறிக்கையையும் வையுங்கள். மாதாமாதம் முதலாளி கட்டிய தொகை அதில் வரிசையாகத் தெரியும். எந்தப் பரிந்துரைக் கடிதத்தையும்விட அதற்கு மதிப்பு அதிகம்.

கூட்டரசு அரசமைப்பின் 15ஆவது பிரிவு, குடிமகனின் வெளிநாட்டு மனைவி குடியுரிமைக்குப் பதிய வழிவிடுகிறது. குடிமகளின் கணவருக்கு அந்த வழி இல்லை. நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனவே இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது, நீங்கள் துணைவர் விசா என்று கேட்ட நீண்டகால சமூக வருகை அனுமதி. இருவரும் நேரில் போக வேண்டும். அசல் கடப்பிதழை எந்த ஏஜென்டிடமும் விட்டுவைக்காதீர்கள். கணவர் 30 நாள் சுற்றுப்பயண அனுமதியில் வந்திருந்தால் அது முடியும் தேதியை இன்றே பாருங்கள். விண்ணப்பிக்கப்போகிறோம் என்பது அந்தத் தேதியைத் தள்ளிப்போடாது.

அனுமதி கிடைத்த மறுநாளே அவரை வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். மாமாவின் லாரிப் பட்டறையில் 'சும்மா கைக்கு உதவியாக' நிற்பதும் வேலைதான்.