கொழும்பு வீதியில் சின்னச் சமூகப் பரிசோதனை: எதில் தொடங்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி இதுதான்: கம்பஸ் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, கொழும்பில் சனம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கச் சின்னப் பரிசோதனைகள் செய்ய ஆசைப்படுகிறார்கள். யாருக்கும் தொல்லை இல்லாமல் எதில் தொடங்குவது?

அண்ணாந்து பார்ப்பதில் தொடங்குங்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிரமும் அவருடைய கூட்டாளிகளும் நியூயோர்க் நடைபாதையில் செய்து 1969இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆட்களை நிறுத்தி, எதிர்க் கட்டடத்தின் ஆறாம் மாடி ஜன்னலை 60 செக்கன் பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் பார்த்தபோது கடந்துபோனவர்களில் 4 வீதமானோர் நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது 40 வீதமானோர். நிற்காமல் தலையை மட்டும் நிமிர்த்தியவர்களையும் சேர்த்தால் கணக்கே வேறு: ஒருவருக்கே 40 வீதத்தைத் தாண்டியது, 15 பேருக்கு 86. பார்க்கிறதுக்குச் செலவில்லை, நிற்கிறதுக்கு நேரம் போகும். அதனால் "பார்த்தார்", "நின்றார்" இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

இடத்தில்தான் முதற்பிழை வரும். காலிமுகத்திடல் வசதியாகத் தெரியும், ஆனால் அங்கே பின்னேரம் வானம் முழுக்கப் பட்டம். நீங்கள் நிற்காவிட்டாலும் சனம் மேலே பார்த்துக்கொண்டுதான் போகும். வெள்ளவத்தை காலி வீதி நல்லது. நடைபாதை ஒடுக்கம் என்பதால் 15 பேர் நின்றால் ஆட்கள் றோட்டில் இறங்க வேண்டிவரும். 1, 3, 5 போதும். பார்க்கும் இடம் யாருடைய ஃபிளாட் ஜன்னலாகவும் இருக்கக்கூடாது. பூட்டிக் கிடக்கும் கடைத்தொகுதியின் மேல்மாடி, பெரிய பெயர்ப்பலகை சரி. தூதரகம், பாதுகாப்பு முகாம் பக்கம் போகவே வேண்டாம்.

வீட்டிலேயே 1, 3, 5 என்று பத்துப் பத்துத் துண்டு எழுதிக் குலுக்கி வையுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துண்டை எடுக்க வேண்டும். "இப்ப சனம் கூட, அஞ்சு பேர் நிற்பம்" என்று நீங்களே முடிவெடுத்தால், கடைசியில் அளப்பது உங்கள் ஆசையைத்தான். பதினைந்து மீற்றர் தூரத்துக்கு இரண்டு அடையாளம் வைத்து, அந்த எல்லைக்குள் வந்த எல்லோரையும் ஒருவர் எண்ணட்டும். பார்த்தவர்களையும் நின்றவர்களையும் இன்னொருவர் எண்ணட்டும். முதல் எண்ணிக்கையை விட்டுவிட்டு "இருபது பேர் பார்த்தாங்கள்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. குடும்பமாக வருபவர்களை ஒரு ஆளாகவே எண்ணுங்கள், ஒருவர் பார்த்தால் மற்றவரும் பார்ப்பார். 60 செக்கன் முடிந்ததும் கலைந்துவிடுங்கள். இல்லையென்றால் வழிப்போக்கர்கள் சேர்ந்து உங்கள் ஐந்து பேர் பன்னிரண்டாகிவிடும். அடுத்த சுற்றுக்கு முன் நாலைந்து நிமிடம் விடுங்கள். ஓட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்களையும் கடைப் பொடியன்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாம் சுற்றிலேயே அவர்களுக்கு விளங்கிவிடும், போகிறவர்களுக்கும் சொல்லிவிடுவார்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பது வித்தியாசத்தின் அளவைப் பொறுத்தது. 4 வீதமா 40 வீதமா என்ற அளவு இடைவெளி சிலரிலேயே தெரிந்துவிடும். 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை நம்பிச் சொல்ல, ஒப்பிடும் ஒவ்வொரு வகைக்கும் கிட்டத்தட்ட 400 பேர் வேண்டும். முப்பது பேரை மட்டும் பார்த்துவிட்டு "பாதிப்பேர்" என்றால், உண்மையில் அது 32 வீதமாகவும் இருக்கலாம், 68 வீதமாகவும் இருக்கலாம்.

அடுத்தது, உதவி கேட்டுப் பார்க்கும் பரிசோதனைகள். உளவியலாளர் எலன் லேங்கர் 1978இல் வெளியிட்ட போட்டோ கொப்பி வரிசை ஆய்வு பலருக்குத் தெரியும். ஐந்து பக்கம் எடுக்க முன்னால் விடச் சொல்லிக் காரணமில்லாமல் கேட்டபோது 60 வீதமானோர் விட்டார்கள். "ஏனென்றால் கொப்பி எடுக்க வேண்டும்" என்ற வெறுங்காரணத்தோடு கேட்டபோது 93. இருபது பக்கம் என்றதும் அந்த வெறுங்காரணம் எடுபடவில்லை, இரண்டுக்கும் 24தான். கொழும்பில் இதைத் தமிழில் செய்யும்போது ஒரு சிக்கல் உண்டு. காரணமே சொல்லாமல் "முன்னுக்கு விடுங்கோ" என்றால் எங்கள் காதுக்கு அது அதட்டல். மறுப்பு காரணமில்லாததால் வந்ததா, தொனியால் வந்ததா என்று பிறகு பிரிக்க முடியாது. "அண்ணை, கொஞ்சம் விடுறீங்களா" என்ற பகுதி இரண்டு வகையிலும் அச்சொட்டாக ஒன்றாக இருக்கட்டும். அண்ணை, அக்கா, ஐயா என்ற விளிப்பும் தற்செயலாக மாறக்கூடாது. கேட்பவர், உடுப்பு, நேரம் எல்லாவற்றுக்கும் அதே விதி.

மொழி இதைவிடப் பெரிது. தமிழில் கேட்டீர்களா, சிங்களத்திலா, ஆங்கிலத்திலா என்பதே இங்கே பதிலை மாற்றும். முகத்தைப் பார்த்து மொழியைத் தெரிவு செய்தால் உங்கள் ஊகமும் முடிவுக்குள் கலந்துவிடும். ஒரே மொழியில் செய்யுங்கள், அல்லது மொழியையே சோதிக்கும் பொருளாக்கித் துண்டு எடுத்துத் தீர்மானியுங்கள்.

பஸ்ஸில் ஆட்களை எழுப்பி இருக்கை கேட்கும் பரிசோதனையை நான் சொல்லமாட்டேன். மில்கிரமின் மாணவர்கள் நியூயோர்க் சுரங்க ரயிலில் காரணமே சொல்லாமல் கேட்டும் 68 வீதமானோர் இடம் கொடுத்தார்கள். ஆனால் கேட்ட மாணவர்களுக்கே அது பெரிய வேதனையாக இருந்தது. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் இதைவிட நல்ல கேள்வி கையருகில் இருக்கிறது. நிற்பவரின் பையை இருப்பவர் வாங்கி மடியில் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். இருக்கை அருகில் நிற்கத் தொடங்கியதிலிருந்து "பையைத் தாங்கோ" என்று கை நீளும்வரை எத்தனை தரிப்பிடம்? ஸ்கூல் பைக்கும் லாப்டொப் பைக்கும் ஒன்றா? நெரிசல், இருப்பவர் நித்திரையா, ஃபோனில் இயர்போனா என்பதையும் குறியுங்கள். நீங்கள் நடிக்கத் தேவையில்லை, வழமைபோல் நின்றால் போதும். மதகுருமாருக்கு ஒதுக்கிய முன் இருக்கைகளைச் சேர்க்க வேண்டாம்.

கைவிடப்பட்ட பை, போலித் திருட்டு இரண்டும் இந்த நகரத்தில் கூடவே கூடாது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தனியே கிடக்கும் பை யாருக்கும் வேடிக்கை இல்லை. பயந்து ஓடுபவர் விழுந்து காயப்படலாம், பொலிஸ் வரும். திருடனாக நடிப்பவருக்குப் புறக்கோட்டையில் உண்மையான அடி விழும். தொலைந்த பணப்பையைத் திருப்பித் தருகிறார்களா என்று பார்த்த, 2019இல் வெளியான 40 நாட்டு ஆய்விலும் பணப்பையை றோட்டில் போடவில்லை. வரவேற்பு மேசைகளில் நேரே கொடுத்தார்கள்.

கேட்டுச் செய்யும் பரிசோதனை என்றால் முடிந்த உடனே அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அந்தப் பதிவை வெட்டிவிடுங்கள். முகம் தெரியும் வீடியோ வேண்டாம். முதல்நாள் கணக்கைப் பழக்கத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள், எண்ணுபவர்கள் இருவரும் ஒரே சுற்றை எண்ணி ஒத்துப்போகிறதா என்று அன்றைக்குத்தான் பார்க்க முடியும். போயா தினத்திலும் (பௌர்ணமி விடுமுறை) மழையிலும் எடுத்ததை மற்ற நாட்களோடு சேர்க்காதீர்கள். குடை பிடித்தவர் மேலே பார்க்கமாட்டார்.